ஜெனரல் ஷிப்ட் அம்பயர்

1

இந்த நாட்டில் என் பெயர் லூர்துசாமி. நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்குப் போய் அந்தப் பெயரைக் கேட்டால் என் அப்பாவைச் சொல்வார்கள். நான் அந்தோணி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்ததோ, விமானம் இறங்கிய நாளிலிருந்து பேங்க், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் நான் “மிஸ்டர் லூர்டூசேமி”. ஆரம்பத்தில் ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று, அது அப்பா பெயர் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் ஆபீஸில் ஒரு அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் அவரை வரச் சொல்லுங்கள்” என்றாள். அதோடு விட்டுவிட்டேன். இப்போது யாராவது லூர்துசாமி என்றால் தன்னால் எழுந்துவிடுகிறேன்.

“மாமாவக் கூப்புட்டா நீங்க ஏங்க ஓடுறீங்க?” என்பாள் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் அமெரிக்காவில் இந்த ஒஹையோவுக்கு வந்தோம். நான் கூடவே வந்த லக்கேஜ். நெய்வேலியில் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர் என்பதால் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்க்கும் ஷெட்டில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே நான் ஒரு சாமான் பெயரைச் சொன்னால் மூன்று முறை திருப்பிக் கேட்பார்கள். நான்காம் முறை நானே எழுந்து போய் எடுத்துக்கொள்வேன். பேச்சில்லாமல் வேலை பார்க்க வந்தவன் இல்லை நான். எங்கள் ஊர் டீக்கடையில் நாலு பேர் பேசினால் அதில் இரண்டு பேர் பேச்சு என்னுடையதாக இருக்கும். இங்கே வந்து வாய் துருப்பிடித்தது.

மகள் ரீனா சின்னப் பெண்ணாக இருந்தபோது இங்கே பக்கத்துப் பூங்காவில் பேஸ்பால் விளையாடப் போவாள். ஒரு சனிக்கிழமை அம்பயர் வரவில்லை. பெற்றோர் யாராவது நிற்க முடியுமா என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். ஊரில் கிரிக்கெட் அம்பயராக நின்றவர் மகன்தானே, பிளாக் மேட்ச்களில் நானும் கொஞ்சம் நின்றிருக்கிறேன். விதிகளை இரவல் புத்தகம் வைத்துக்கொண்டு நானாகப் படித்தேன். அப்புறம் வருஷா வருஷம் நின்றேன். முகமூடி, நெஞ்சுக் கவசம், நீலச் சட்டை. சட்டை நிறத்தை வைத்து அம்பயரை “ப்ளூ” என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு இடத்தில்தான் நான் லூர்துசாமியும் இல்லை, அந்தோணியும் இல்லை.

ஸ்ட்ரைக். பால். அவுட். சேஃப். அங்கே இவ்வளவு இங்கிலீஷ் போதும். யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இந்த நாட்டில் என் சொல் நின்ற இடம் அது ஒன்றுதான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேட் பிடிப்பவனுக்கு முன்னால் காற்றில் ஒரு ஜன்னல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சட்டம் அவன் முழங்கால், மேல்சட்டம் நெஞ்சுக்குக் கீழே. அகலம், தரையில் பதித்த வெள்ளைப் பலகையின் அகலம். அவன் அடிக்காமல் விட்ட பந்து அந்த ஜன்னல் வழியாகப் போனால் ஸ்ட்ரைக், வெளியே போனால் பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவன் அவுட். ஜன்னலை யாரும் பார்த்ததில்லை. பந்தைப் பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி நிற்கும் அம்பயர் மனதில்தான் அது இருக்கிறது. குட்டைப் பையன் வந்தால் ஜன்னல் சின்னதாகும், நெட்டைப் பையன் வந்தால் நீளும்.

நூறு வருஷமாக இப்படித்தான் நடந்தது. அப்புறம் டிவிக்காரர்கள் திரையில் ஒரு வெள்ளைச் சட்டத்தை வரைந்தார்கள். அன்றைக்கே அம்பயர் பிழைப்பு போனது. வீட்டில் சோபாவில் சிப்ஸ் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் பந்து சட்டத்துக்கு எந்தப் பக்கம் போனது என்று தெரியும். தெரியாத ஒரே ஆள் மைதானத்தில் நிற்கும் அம்பயர். இந்த வருஷம் ஏதோ ஒரு சின்ன லீக்கில் அம்பயர் காதில் கருவியை மாட்டி, ரேடார் சொல்வதை அவர் வாயால் சொல்ல வைத்துப் பார்க்கிறார்கள் என்று செய்தியில் காட்டினார்கள்.

பெரிய வீட்டில் செய்தது தெருவுக்கு வர எவ்வளவு நேரமாகும்? எங்கள் லீக்கில் ஒரு பையனின் அப்பா கம்ப்யூட்டர்காரர், டேவ் என்று பெயர். நல்ல மனிதர், எப்போதும் எனக்கும் சேர்த்து காபி வாங்கி வருவார். வேலிக் கம்பியில் கேமராக்களைக் கட்டி, ஒவ்வொரு அம்பயரும் சொன்னது சரியா தப்பா என்று பார்க்கும் ஏற்பாட்டை அவர்தான் செய்தார். “யாரையும் குறை சொல்ல இல்லை, எல்லாரும் கற்றுக்கொள்ளத்தான்” என்றார். இந்தக் கோடையின் நடுவில் எனக்கு வந்த படத்தில் ஒரு சதுரமும் அதைச் சுற்றிப் புள்ளிகளும் இருந்தன. பச்சைப் புள்ளி சரி, சிவப்புப் புள்ளி தப்பு. மேலே கொட்டை எழுத்தில் பெயர்: லூர்துசாமி.

சிவப்பு நிறைய இருந்தது. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். ரீனா அதை நிமிர்த்திப் பார்த்தாள். அவள் இப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருக்கிறாள். என்னோடு பேச வேண்டியதில் முக்கால்வாசியை அவள் அம்மாவிடம் பேசிவிடுவாள். மீதியை இங்கிலீஷில் பேசுவாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

“அப்பா, இது பாரு. மேல எல்லாம் நல்லா சொல்லியிருக்க.”

“கீழ?”

“கீழதான். லெஃப்ட் சைட் பரவால்ல. ரைட் சைட் கீழ மட்டும் எல்லாமே ரெட். ஏன் ஒரே கார்னர்ல?”

“வயசாச்சு, குனிய முடியல.”

“குனியலன்னா ரெண்டு பக்கமும் தப்பா வரணும்ப்பா.”

போனை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். என்னை வேலைமெனக்கெட்டு ஒருவர் கவனித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் அவள் சொன்னது மனதில் ஏறச் சிறிது நேரம் பிடித்தது.

3

அப்பா மைன்ஸில் கன்வேயர் செக்ஷன். நிலக்கரி போகும் பெல்ட்டை ஒட்டிய இரும்புப் பாதையில் நடந்து பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வரும். ஓய்வு நாளில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார். டவுன்ஷிப்பில் பிளாக்குக்கு பிளாக் கிரிக்கெட் நடக்கும். டென்னிஸ் பந்துதான், ஆனால் சண்டை நிஜச் சண்டை. எல்லா மாவட்டத்துக்காரனும் வந்து சேர்ந்த ஊர், திட்டுவதிலும் எல்லா மாவட்டமும் இருக்கும். அப்பா நின்றால் மட்டும் திட்டு இருக்காது. எங்கள் பிளாக் கேப்டன் கலியமூர்த்தி சொல்வான்: “லூர்தண்ணன் விரல் தூக்கிட்டா நான் ரீப்ளே பாத்துட்ட மாதிரி கெளம்பிடுவேன்.”

நான் சொல்லப்போகிற மேட்ச் பொங்கல் லீவில் நடந்த ஃபைனல், தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவுக்கு அப்போது இன்றைய என் வயது. எதிரணியின் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. பேட் பிடித்தவன் அப்பாவின் செக்ஷன் இன்சார்ஜ் மகன். ஒரு ரன்னுக்கு ஓடினான். என் தம்பி சேவியர் பந்தை எடுத்து எறிந்தான், அப்பா நின்ற முனையில் ஸ்டம்ப் தெறித்தது. பேட் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி இருந்தது. மைதானமே கத்தியது. அப்பா தலையை ஆட்டினார். நாட் அவுட்.

கலியமூர்த்தி ஓடி வந்தான். “அண்ணா, நல்லா பாத்து சொல்லுங்கண்ணா.”

“பாத்தேன். பேட்டு உள்ள இருந்துச்சு.”

“எங்கண்ணா இருந்துச்சு? அவன் இன்னும் வந்துகினு இருக்கான்.”

“நான் பாத்ததச் சொல்றேன், கலியமூர்த்தி.”

சேவியர் வந்து அப்பாவுக்கு நேரே நின்றான். அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அந்த எறிதான் அவன் வாழ்நாள் எறி. “ஏம்ப்பா, பேட்டு உன் கனவுல உள்ள வந்துச்சா?” என்றான். அப்பா பந்தை வாங்கி பௌலரிடம் போட்டார். அடுத்த பந்தில் ஜெயிக்கிற ரன்னை அடித்துவிட்டார்கள்.

அது அன்றோடு போயிருக்கும். போகாமல் போனதற்குக் காரணம், கோடை வருவதற்குள் அப்பாவுக்கு ஜெனரல் ஷிப்ட் கிடைத்தது. நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் போய் மாலையில் வீடு, ராத்திரித் தூக்கம் ராத்திரியிலேயே. அதற்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்பா தானாகப் போய் இன்சார்ஜிடம் கேட்டார், கிடைத்தது. ஏன் கேட்டார் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

“ரன் அவுட்டக் குடுக்கல, ஜெனரல் ஷிப்ட்ட வாங்கிட்டாரு” என்றான் கலியமூர்த்தி டீக்கடையில். அவ்வளவுதான். அப்பா சைக்கிளில் போனால் பையன்கள் ஆள்காட்டி விரலைத் தூக்கி, மெல்ல மடக்கிக் காட்டுவார்கள். ஜெனரல் ஷிப்ட் அம்பயர் என்ற பெயர் பிளாக் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரை போனது. அப்பா அதற்குப் பிறகு எந்த மேட்சிலும் நிற்கவில்லை. விளக்கு வைத்த பிறகு வெளியே வருவதில்லை. ராத்திரி ஜெபத்துக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டார். “அசிங்கப்பட்டுட்டாரு, தலை காட்ட மாட்டேங்கிறாரு” என்று அம்மாவே பக்கத்து வீட்டில் சொன்னார்.

சேவியர் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினான். அவன் வருவதற்குள் அப்பா சாப்பிட்டு எழுந்துவிடுவார். தட்டை வைக்கும்போது டம்ளரைத் தட்டிவிடுவார், அதைக் கோபம் என்று நாங்கள் நினைத்தோம். ரிட்டயராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று சாமான் ஏற்ற பிளாக்கிலிருந்து ஒருவரும் வரவில்லை. சேவியர் பீரோவைத் தனியாகத் தூக்கி வண்டியில் வைத்தான். அப்பா எதிரில் நின்று “பாத்துடா” என்றார். அவன் பீரோவைச் சுற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினான். கடைசி வருஷங்களில் அப்பாவுக்குப் பார்வை போனபோது புரை என்றோம், வயதானவருக்கு வருவதுதானே என்றோம். அவர் இறந்தபோது சேவியர் பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

4

ரீனா சொன்ன அந்த ஒரே மூலைக்காகப் போன கண் ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லா வெளிச்சத்துக்கும் அழுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பரீட்சை எழுதி முடித்த திருப்தியோடு வெளியே வந்தேன்.

டாக்டர் அம்மாள் படத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரங்கள் கறுத்திருந்தன. வலப்பக்கம் கீழே இருட்டாகவே இருந்தது. கிளாக்கோமா, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெடுவது. வலி இல்லை, சிவப்பில்லை, நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும், ஓரம் மட்டும் வருஷக்கணக்கில் உதிர்ந்துகொண்டே போகும். போனது திரும்பாது. சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

“எனக்கு அங்கே கறுப்பாகத் தெரியவில்லையே” என்றேன். கூட வந்திருந்த ஸ்டெல்லா அதை இங்கிலீஷில் சொன்னாள்.

“தெரியாது. அந்த இடத்தை மூளை பக்கத்திலிருப்பதைக் கொண்டு நிரப்பிவிடும். நீங்கள் பார்த்ததாகவே நினைப்பீர்கள்” என்றார் டாக்டர். அப்புறம் கேட்டார்: “உங்கள் அப்பாவுக்கு இருந்ததா?”

“இல்லை. அவருக்குப் புரை.”

“ராத்திரியில் தடுமாறுவாரா? படியில், இருட்டில்?”

வெளியே வரும்போது ஆஸ்பத்திரியின் கடைசிப் படியை விட்டுவிட்டேன். ஸ்டெல்லா முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, பாத்து” என்றாள். பார்த்துத்தான் நடந்தேன்.

கன்வேயர் ஓரத்து இரும்புப் படிகள் ஞாபகம் வந்தன. ராத்திரி ஷிப்ட்டில் அங்கே விளக்கு ஒன்று விட்டு ஒன்றுதான் எரியும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு பக்கம் ஓடுகிற பெல்ட். கால் வைக்கிற இடம் தெரியவில்லை என்று வாயைத் திறந்தால் மெடிக்கல் அன்ஃபிட். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், படித்துக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் தெருவுக்கு வருவோம். அதனால் போய் ஜெனரல் ஷிப்ட் கேட்டிருக்கிறார். பேட் உள்ளே இருந்தது என்றாரே, அவருக்கு உள்ளேதான் இருந்திருக்கும். அவர் மூளை கோட்டைப் போட்டு, பேட்டை வைத்துக் கொடுத்திருக்கும்.

காரை ஸ்டெல்லா ஓட்டினாள். நான் முன்னாடி உட்கார்ந்து, ரன் அவுட்டை அப்பா விற்றுவிட்டார் என்று சொன்ன ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள்.

5

லீக்கில் விஷயத்தைச் சொன்னேன். டேவ் என் தோளில் கை வைத்தார். “நீங்கள் போக வேண்டாம். அடுத்த வருஷம் காதுக்கருவி வரப்போகிறது. மெஷின் பார்க்கும், நீங்கள் சொன்னால் போதும். உங்கள் குரல் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது” என்றார். ஒரு ஒத்திகை மேட்சுக்கு மாட்டிவிட்டார்.

பந்து வந்து கையுறையில் விழும். ஒரு நொடி ஒன்றும் இருக்காது. அப்புறம் காதில் ஒரு பெண் குரல் ஸ்ட்ரைக் என்னும். நான் ஸ்ட்ரைக் என்பேன். வேலிப் பக்கம் கை தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் எனக்குக் கை தட்டியது அன்றைக்குத்தான். பஸ் ஸ்டாண்டில் கட்டிய ஒலிபெருக்கிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டே குந்தியிருந்தேன்.

கடைசியில் ஒரு பந்து வளைந்து வந்து கீழே இறங்கியது. தரையில் பட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காதில் ஸ்ட்ரைக் என்றது. ஜன்னலின் ஓரத்தைத் தொட்டுவிட்டு இறங்கியிருக்கலாம், மெஷின் தப்புப் பண்ணியிருக்கலாம். மெஷின் உளறினால் மாற்றிச் சொல்லும் அதிகாரம் அம்பயருக்கு உண்டு, டேவ் முதலிலேயே சொல்லியிருந்தார். பேட் பிடித்த பையன் திரும்பி என் முகமூடிக்குள் பார்த்தான். “ப்ளூ, தரையில் விழுந்ததே?” என்று கேட்டான். வலப்பக்கம், கீழே. நான் அந்த மூலையைப் பார்த்தேன். சுத்தமான மண் தெரிந்தது. பந்து பட்ட குழி இருந்ததா, என் மூளை அதை மண் போட்டு மூடிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

“ஸ்ட்ரைக்” என்றேன்.

அது அவனுக்கு மூன்றாவது. பையன் பேட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு போனான். நான் மேட்ச் முடிந்ததும் கருவியையும் முகமூடியையும் டேவ் கையில் கொடுத்தேன். அவர் ஏதேதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

6

போன வாரம் அப்பாவின் நினைவு நாள். சேவியர் ஊரில்தான் இருக்கிறான். கம்மாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து மைன்ஸுக்குக் காண்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிவரும் பஸ்ஸை ஒரு முதலாளியிடம் ஓட்டுகிறான். ஷிப்ட்டுக்கு ஷிப்ட் வண்டி நிறைய ஆள், ரோட்டில் லாரிப் புழுதி. அவனிடம் சொல்ல வேண்டியது இரண்டு இருந்தது. அப்பாவைப் பற்றியது ஒன்று, அவன் கண்ணைப் பற்றியது ஒன்று. கூடப் பிறந்தவர்களைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். எனக்குக் காலை, அங்கே பொழுது சாயும் நேரம். கூப்பிட்டேன்.

“பூச முடிஞ்சுதுண்ணா” என்றான். “கல்லறைக்குப் போயி மெழுவத்தி ஏத்திட்டு, இப்பத்தான் வண்டிகிட்ட வந்துகினு இருக்கேன். என்னா கொரலு ஒரு மாதிரி இருக்குது?”

எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் புள்ளிகள், கிண்ணம், மூளை நிரப்புவது, இரும்புப் படிகள். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

“கேட்டுகினுதான் இருக்கேன்” என்றான். அப்புறம், “அப்ப அந்தாளு அத பாக்கவே இல்லியா?”

“பாத்தாருடா. அவருக்குத் தெரிஞ்சதப் பாத்தாரு.”

“ஜெனரல் ஷிப்ட்டு?”

“ராத்திரில கண்ணு தெரியல. சொன்னா அன்ஃபிட்டுன்னு அனுப்பிடுவாங்கன்னு பயம். நம்ம படிச்சிகினு இருந்தோம்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல” என்றான். “கடசி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லண்ணா. நான் அவருக்கு எதுர்ல ஒக்காந்து ஒரு வேள சோறு துன்னல.”

இரண்டாவது விஷயத்துக்கு வந்தேன்.

“நீ கண்ணு காட்டணும்டா. இந்த வாரமே. இது நம்ம ரத்தத்துல இருக்குது.”

“காட்டலாம்.”

“காட்டலாம்னா எப்ப?”

“காட்டுனா என்னா சொல்லுவாங்க? வண்டி ஓட்டாதன்னுவாங்க. அப்பறம் வூட்ல ஒல வைக்கிறது யாரு, நீயா?”

“நான் பாத்துக்கறேன்.”

“நீ ஒன்னப் பாத்துக்க மொதல்ல.” சிரிக்கப் பார்த்தான். “எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. வண்டி கண்ணாடியில எல்லாம் பளிச்சுனு தெரியுது.”

“எனக்கும் தெரிஞ்சுதுடா. ராத்திரி டிரிப்பாவது ஓட்டாத. வண்டில அத்தன பேரு ஒக்காந்திருக்கான்.”

“ராத்திரி ஓட்றதில்ல.”

“எப்பலேருந்து?”

“ஒரு ரெண்டு மாசமா. நானே மொதலாளிகிட்ட போயி நின்னு பகல் டிரிப்பாப் போடுங்கன்னு கேட்டேன். போட்டுக் குடுத்துட்டாரு.” அவன் குரல் தணிந்தது. “ஷெட்ல எல்லாவனும் பேசிக்கிறான், மொதலாளிக்குக் காக்கா புடிச்சு வாங்கிட்டேன்னு.”

அந்தப் பக்கம் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது, யாரோ டிபன் கேரியரை எங்கோ இடித்தார்கள். இன்ஜின் உறுமியது.

“வச்சுடறேண்ணா” என்றான். “பொழுதோட போயிட்டு வந்துடணும்.”